ராஜாவுக்கு மூன்று பிறந்தநாள், அப்பாவுக்கு ஒரே திதி

1

இங்கிலாந்து ராஜாவுக்கு வருஷத்துக்கு மூன்று பிறந்தநாள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாததால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த மூன்றில் ஒன்றுக்குத் தோரணம் கட்டுகிறவன் நான்.

முதலாவது, அவர் நிஜமாகவே பிறந்த நாள். அது குளிர்காலத்தில் வந்து தொலைக்கிறது. லண்டனில் அப்போது மழை, இருட்டு. ஊர்வலம் போகும் குதிரைகள் நனையும். அதனால் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்து, இதுதான் அதிகாரபூர்வமான பிறந்தநாள் என்று வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது, எங்கள் வாடிக்கையாளரான ஒரு கிளப்பின் கைங்கரியம். ஜூன் மாதம் துபாயில் புல்வெளியில் விருந்து வைத்தால் முதலில் கேக் உருகும், பின்னாலேயே விருந்தாளிகள் உருகுவார்கள். ஆகவே மார்ச் கடைசியில், வெயில் மனிதனை விட்டுவைத்திருக்கும்போதே, ராஜாவை இன்னொரு முறை பிறக்க வைத்துவிடுவார்கள்.

இதைக் கொண்டாட ஒரு கம்பெனி வேண்டுமல்லவா, அதில்தான் எனக்கு வேலை. விசிட்டிங் கார்டில் 'ஈவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர்' என்று போட்டிருக்கிறது. பந்தல்காரன் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். சிவகாசியில் எம்.காம். படித்து, விமானம் ஏறி வந்து, பந்தல் போடுகிறேன். அஜ்மானில் வீடு, துபாயில் வேலை. இரண்டுக்கும் நடுவே ஷார்ஜா டிராபிக்கில் என் வாலிபம் போய்க்கொண்டிருக்கிறது. பெயர் சங்கரலிங்கம். இங்கே ஷங்கர். லிங்கம் விமான நிலையத்திலேயே கழன்றுவிட்டது.

2

பத்து வருஷமாக இந்த வேலையில் இருப்பதால் வெள்ளைக்காரர்களின் காலண்டர் எனக்கு மனப்பாடம். அது ஒரு வினோதமான காலண்டர்.

அக்டோபரில் ஒரு நாள், பிரான்சிலிருந்து வந்தவன் அவர்களை அடித்து நாட்டைப் பிடுங்கிக்கொண்ட நாள். அதே மாதத்தில் இன்னொரு நாள், உத்தரவு குழம்பிப்போய், தப்பான பீரங்கிகளுக்கு நேர் எதிரே குதிரைப்படையை ஓட்டிய நாள். மே கடைசியில், பிரான்ஸ் கடற்கரையில் மாட்டிக்கொண்ட பட்டாளம் கிடைத்த படகிலெல்லாம் ஏறித் தப்பி வந்த நாள். நாம் தோற்றால் ஒரு வாரம் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டோம். இவர்கள் அதற்கு வாத்தியம் வைக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நவம்பர். நானூறு வருஷத்துக்கு முன் ஒருவன் பார்லிமென்ட்டுக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி, ராஜாவோடு சேர்த்துத் தகர்க்கப் பார்த்தான். பிடித்துவிட்டார்கள். மருந்து வெடிக்கவில்லை. அந்த வெடிக்காத வெடிக்காக இன்றுவரை வருஷாவருஷம் வெடி போடுகிறார்கள். நான் சிவகாசிக்காரன். எங்கள் ஊரில் சரம் வெடிக்காவிட்டால் கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டு, போனில் பிடித்து ஏறுவார். நானூறு வருஷம் விழா எடுக்க மாட்டார்.

அந்தக் காலண்டரில் இல்லாத நாட்களும் உண்டு. ஒருமுறை எங்கள் மேனேஜரிடம், ஆகஸ்ட் பதினைந்துக்குக் கிளப்பில் ஏதும் ஏற்பாடு உண்டா சார் என்று கேட்டேன். குறும்புதான். அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "அது எங்களுக்கு ஆண்டுவிழா இல்லையே" என்றார். அவர்கள் வளைகுடாவை விட்டுக் கிளம்பிய நாளும் இல்லை. வந்த நாளெல்லாம் விழா, போன நாளெல்லாம் சாதாரண வேலை நாள். நவம்பரில் காகிதப்பூ குத்திக்கொண்டு, செத்த சிப்பாய்களுக்காக இரண்டு நிமிடம் நிற்பார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இதோ பக்கத்தில், பஸ்ரா மணலில், முதல் உலகப் போரில் அவர்களுக்காகச் செத்த நம்மூர்ச் சிப்பாய்களுக்கு அங்கே படிக்கும் உரையில் அரை வரி கிடைக்கும். அதுவும் உரை படிக்கிறவர் அவசரத்தில் இல்லாவிட்டால்.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கிரஹாம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். என் நாக்கு அதற்கு வளையாது. நேரில் சார், பின்னால் துரை. சிவந்த முகம், வைக்கோல் தொப்பி, கெட்ட எண்ணம் இல்லாதவர். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ராஜா பட்டத்துக்கு வந்த முதல் வருஷம் விருந்துக்கு மேடையில் அவருடைய பெரிய படத்தை வைத்தோம். எங்கள் குழுவில் கமுதிக்காரன் முனியசாமி இருக்கிறான். ஏணி அவன் இலாகா. நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் படத்துக்குச் சந்தனமாலை போட்டு, கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பும் மாட்டிவிட்டான்.

"டேய், என்னடா இது?"

"படம்னா மாலை போடணும்லண்ணே?"

"உயிரோட இருக்காருடா!"

முனியசாமி படத்தை ஏற இறங்கப் பார்த்தான். "இம்புட்டுப் பெருசா பிரேம் போட்டிருக்காகளே. நான் முடிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

பல்பைப் பிடுங்கிவிட்டேன். மாலையைக் கழற்றுவதற்குள் துரை வந்துவிட்டார். "அற்புதம்! எவ்வளவு இந்தியத்தனமாக இருக்கிறது!" என்றார். அன்றிலிருந்து அது சம்பிரதாயம். வருஷாவருஷம் கிளப்பே ஆர்டரில் எழுதி அனுப்புகிறது: ராஜா படம் ஒன்று, சந்தனமாலை ஒன்று. எங்கள் கணக்குப்படி அவருக்குக் காரியம் முடிந்து சில வருஷம் ஆகிறது.

3

என் அப்பா போன வருஷம் தவறிப்போனார். பங்குனி மாதம், வளர்பிறை சப்தமி. ஆங்கிலத்தில் ஏப்ரல் முதல் வாரம்.

அப்போது நான் ஒரு விசாவிலிருந்து இன்னொரு விசாவுக்கு மாறும் நடுவாந்திரத்தில் இருந்தேன். நாட்டை விட்டுக் காலை எடுத்து வைத்தால் இரண்டும் காலி. தலைப்பிள்ளை நான். கொள்ளி வைத்தது தம்பி செல்வம். நான் வீடியோ காலில் பார்த்தேன். யாரோ ஒரு மச்சான் போனைப் பிடித்திருந்தார். நடுவில் கை வலித்ததோ என்னவோ, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் அப்பாவின் கடைசிக் காட்சி எனக்கு ஒரு நீலக்கோடு போட்ட சட்டையின் உள்பக்கம்.

மறுநாள் அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வருசத்துக்காச்சும் வந்துருய்யா." முதல் வருஷத் திவசத்துக்கு வந்து, உன் கையால் தண்ணீர் விடு என்று அர்த்தம்.

அப்பா காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தவர். நீங்கள் காலையில் பல் விளக்கிக்கொண்டே கிழிக்கிறீர்களே, அந்தத் தினசரிக் காலண்டர். நட்சத்திரம், திதி, ராகுகாலம், இன்ன ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்திருப்பார். அவர்தான். ஒரு திதி ஒரு தாள் தள்ளி விழுந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் தப்பான நாளில் பட்டினி கிடப்பார்கள் என்பது அவருடைய நிரந்தரக் கவலை. வீட்டில் யாராவது இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால், என்ன திதி என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவருக்குத் தேதி பார்த்தா திவசம் செய்வது?

இந்த வருஷம் பங்குனி வளர்பிறை சப்தமி மார்ச்சிலேயே வந்துவிட்டது, ஒரு புதன்கிழமை. அதே வாரம் சனிக்கிழமை ராஜாவின் மூன்றாம் பிறந்தநாள்.

முதலில் எச்.ஆரில் இருக்கும் சஜீவன் சேட்டனிடம் போனேன். மலையாளி. என் தமிழுக்கும் அவருடைய தமிழுக்கும் ஒப்பந்தம் ஆகிப் பல வருஷம்.

"அண்ணா, டெத் சர்டிபிகேட்ல ஏப்ரல் உண்டு. நீங்க மார்ச் கேக்குது. சிஸ்டம் எடுக்காது."

"சேட்டா, உங்க ஊர்லயும் நட்சத்திரம் பாத்துத்தான சாத்தம் வைப்பீங்க?" சாத்தம் என்றால் அவர்கள் ஊர்த் திவசம்.

"அது வீட்ல அண்ணா. இது சிஸ்டம்."

"சரி, சாதா லீவு?"

"ஆ வீக் மொத்தம் பிளாக் ஆக்கிட்டார் துரை. ராஜாவோட பர்த்டே அல்லே?" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏது பர்த்டேன்னு கேக்க வேண்டா" என்றார்.

4

துரையிடம் போனேன். நடந்தது ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன், என் ஆங்கிலத்தை நீங்கள் பார்க்காமல் இருப்பது நல்லது.

"உன் அப்பா இறந்தது ஏப்ரலில்."

"ஆமாம் சார்."

"அப்படியானால் மார்ச்சில் எப்படி ஒரு வருடம் ஆகும்? அவர் இறந்து இன்னும் ஒரு வருடமே ஆகவில்லையே."

"நிலா கணக்கு சார்."

"அடுத்த வருடமும் மார்ச்தானா?"

"அடுத்த வருஷம் வேற தேதி சார்."

அவருக்கு உண்மையாகவே வியப்பு. "ஒரு மனிதன் எப்படி ஒவ்வொரு வருடமும் வேறு வேறு தேதியில் இறந்திருக்க முடியும்?"

பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். இதுதான் எனக்குத் தாங்காது. "இதோ பார், ஷங்கர். உண்மையான தேதிக்குப் போ. ஏப்ரலில் ஒரு வாரம் முழுக்க எடுத்துக்கொள். அப்பா விஷயம் முக்கியம்."

உண்மையான தேதியாம். இதைச் சொல்லும்போது அவருடைய இன்னொரு கையில் கிளப் புல்வெளியின் வரைபடம் இருந்தது. குளிர்காலத்தில் பிறந்து, கோடையில் அதிகாரபூர்வமாகப் பிறந்து, மார்ச் கடைசியில் துபாயில் பிறக்கப்போகும் மனிதரின் கேக் எந்த மேசையில் என்று அதில் சிவப்பு மையால் குறித்திருந்தார். என் வாயில் அருமையான பதில் வந்து நின்றது. சார், உங்க ராஜா மூணு தடவ பொறக்கலாம், எங்கப்பா நிலாவப் பாத்துச் சாகக் கூடாதா? வாயைத் திறந்தேன்.

"ஓகே சார். தேங்க்யூ சார்."

ஓகே சரி. தேங்க்யூ எதற்கு? ஷார்ஜா பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்ற நேரம் முழுக்க என்னை நானே கேட்டுக்கொண்டேன். இருநூறு வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக விழுகிறது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சுமதி தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "கேக்க வேண்டியதுதான? எங்ககிட்ட மட்டும் வக்கீல் மாதிரி பேசுறீங்க."

என் மகள் யாழினி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். "அப்பா, ஈஸ்டரும் எவ்ரி இயர் மாறுது. இட்ஸ் ஆல்சோ த மூன். ஜஸ்ட் டெல் ஹிம்."

அட, ஆமாம்! அவர்களுடைய கோவில் பண்டிகையே நிலாவுக்குப் பின்னால் ஓடுகிறது. பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. "கண்ணு, தாத்தாவோட திதி என்னன்னு சொல்லு பாப்போம்."

"வாட்ஸ் திதி?"

ஆறு பெண்களைக் கல்யாணம் செய்த அந்தப் பழைய ராஜாவின் மனைவியரில் யாரை விலக்கினான், யார் தலையை எடுத்தான் என்று வரிசை பிசகாமல் சொல்வாள் இவள். தாத்தாவை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அப்பாவின் இனிஷியலாகத்தான். நான் திட்டலாம் என்று பார்த்தேன். அந்தப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நின்றவன் நான்தானே என்பது ஞாபகம் வந்ததால் தோசையைச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஈஸ்டரை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேனா என்று கேட்கிறீர்கள். போனேன். அவர் அறைக்கு வெளியே ஃபைலோடு நின்றேன். "என்ன ஷங்கர்?" என்றார். "மேசை விரிப்பு வெள்ளையா, ஐவரியா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். செவ்வாய் இரவு போய், வெள்ளி காலை திரும்ப. துணிச்சல் இல்லாதவன் செய்கிற துணிச்சல் இப்படித்தான் இருக்கும், யாருக்கும் சொல்லாமல்.

5

ரம்ஜான் முடிந்து ஈத் வந்தது. வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், பெருநாள் நாளைக்கா நாளை மறுநாளா என்பது முதல்நாள் சாயங்காலம் வரை யாருக்கும் தெரியாது. நிலா தெரிய வேண்டும். எங்கள் ஆபீஸ் முழுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துரையும்தான். "நிலா தெரிந்துவிட்டதா?" என்று சஜீவன் சேட்டனை அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். லீவு விஷயத்தில் அவருக்கு நிலா மேல் எந்தச் சந்தேகமும் கிடையாது.

ஈத் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, எங்கள் கம்பெனியின் உள்ளூர்ப் பங்குதாரர் அபு ராஷித் பேரீச்சம்பழத் தட்டோடு வந்தார். வயதானவர், வெள்ளைக் கந்தூரா அங்கி, மெதுவான நடை. துரை அறையில் உட்கார்ந்து காவா என்கிற அரபிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். அவர் சொன்னால் அந்த ஆபீஸில் மறுபேச்சு கிடையாது. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். காவா ஜாடியை ஆபீஸ் பையனிடமிருந்து நானே வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மேனேஜர் காவா ஊற்றுகிறானே என்று யாரும் யோசிக்கவில்லை. பந்தல்காரனிடம் எதையும் எதிர்பார்க்கலாம்.

"ஷங்கர்! ஈத் முபாரக். கைசா ஹை? க்யோன் முகம் இப்படி?"

எங்கள் பேச்சு இந்தி, அரபி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கியது. தயாராக இருந்ததை எடுத்துவிட்டேன். "அபு ராஷித், மேரா பாபா மர் கயா, ஏக் சால். பர்சோன் உஸ்கா தின். கமர் வாலா தின். இங்கிலீஷ் டேட் மாஃபி." அப்பா செத்து ஒரு வருஷம், நாளை மறுநாள் அவருடைய நாள், அது நிலா நாள், இங்கிலீஷ் தேதி கிடையாது என்று அர்த்தம்.

"கமர்?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். விரலை மேலே காட்டினார். "எங்கள் ஹிஜ்ரி காலண்டர் மாதிரி?"

"ஸேம் ஸேம்."

துரை பக்கம் திரும்பினார். "இவனுடைய அப்பாவின் நாள், நிலாப்படி. இவன் ஏன் இங்கே இருக்கிறான்?"

துரையின் முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. "சனிக்கிழமை ராஜாவின் பிறந்தநாள் விருந்து இருக்கிறது..."

"ராஜா சனிக்கிழமையா பிறந்தார்?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"எப்போது பிறந்தார்?"

"குளிர்காலத்தில்."

அபு ராஷித் பேரீச்சம்பழத்தின் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அப்படியென்றால் அவர் பொறுத்துக்கொள்வார். கலாஸ். ஷங்கர், யல்லா." முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம்.

"நிச்சயமாக, நிச்சயமாக," என்றார் துரை. "இதில் கேள்வியே இல்லை. நீ முதலிலேயே சரியாக விளக்கியிருக்கலாமே, ஷங்கர்."

சிஸ்டமும் எடுத்துக்கொண்டது. சஜீவன் சேட்டன் என்ன காரணம் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

6

மதுரை விமான நிலையத்துக்கு வெளியே தம்பி செல்வம் காரோடு நின்றான். விடிந்தும் விடியாத நேரம். திருமங்கலம் தாண்டும்வரை நான் அபு ராஷித் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன். நிலாவுக்காக நான் நடத்திய போரில் என் பங்கு கொஞ்சம் கூடியிருந்தது. காவா ஜாடி கதையிலிருந்தே மறைந்துவிட்டது. செல்வம் அளவாகச் சிரித்தான்.

எங்கள் தெருமுனையில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அப்பா. இரண்டு பக்கமும் சிங்கம், தலைக்கு மேலே ஒரு கிரீடம். துபாயில் நான் வைக்கும் ராஜா படத்துக்கே இவ்வளவு செய்ததில்லை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கீழே: வருகிற ஞாயிறு காலை.

"டேய், என்னடா ஞாயிறுன்னு போட்டிருக்கு?"

"ஆமாண்ணே. புதன்கெழமைல எவன்ணே வருவான்? மச்சான் திருப்பூர்ல, பெரியப்பா மகன் ஓசூர்ல. எல்லாருக்கும் சவுரியம் பாக்கணும்ல."

"அப்பாவுக்கு இன்னைக்குத்தானடா திதி?"

"அது திதிண்ணே. இது விசேசம். பேப்பர்ல விளம்பரம் இங்கிலீஸ் தேதிக்கு ஏப்ரல்ல வருது, அதுக்கும் குடுத்தாச்சு."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை நனையும் என்று அங்கே ஒருவரைத் தள்ளி வைத்தார்கள். ஓசூர்க்காரருக்கு லீவு கிடைக்காது என்று இங்கே ஒருவரை.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நான் வெள்ளிக்கெழம கெளம்பணும்டா."

செல்வம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "குடும்ப குரூப்ல போட்டு மூணு வாரமாச்சு. எல்லாரும் கையெடுத்துக் கும்புடுற பொம்ம போட்டாக. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து குவிகின்றன என்று அந்தக் குரூப்பின் வாயைப் பொத்தி வைத்திருந்தேன். மாமாவின் ரோஜாக்களுக்கு அடியில் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை கிடந்திருக்கிறது. கோபம் செல்வத்தின் மேல் கிளம்பி, பாதி வழியில் திரும்பி என் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அம்மா வாசலில் நின்றாள். குளித்து, ஈரத்தலையோடு. உள்ளே இருந்து சாம்பார் வாசனை வந்தது. வாழைக்காய் வாசனையும்.

"எண்ணெ வைக்காம குளிச்சிட்டு வாய்யா. சமச்சாச்சு."

"ஞாயித்துக்கெழமன்னு சொன்னான்?"

"அது அவுகளுக்கு. உங்கப்பாவுக்கு என்னைக்குய்யா ஞாயித்துக்கெழம தெரிஞ்சிருக்கு? அன்னைக்கும் பிரஸ்ஸுக்குத்தான போனாரு."

ஐயரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் புதன்கிழமைக்கு ஐயர் இல்லை. பின்கட்டில் மணையைப் போட்டு நானே உட்கார்ந்தேன். எள்ளும் தண்ணீரும். சுவரில் காலண்டர். அன்றைய தாளில், பொடி எழுத்தில், சப்தமி. இப்போது அதை யார் சரிபார்க்கிறார்களோ, சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, செல்வமும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"மூணு தலமொற பேரச் சொல்லி விடுய்யா," என்றாள் அம்மா.

அப்பா பெயரைச் சொன்னேன். தண்ணீர் விட்டேன். ஒரு வருஷமாக என் கையில் இருந்த பாரம் அந்தக் கை வழியாகவே இறங்கியது. தாத்தா பெயரைச் சொன்னேன். விட்டேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. கண்ணை மூடி யோசித்தேன். ஏதோ ஒரு வரிசை மளமளவென்று வந்தது. பார்த்தால், கிளப் பேனருக்காக நான் மனப்பாடம் செய்த இங்கிலாந்து ராஜாக்கள். நம்பர் உட்பட வரிசையாக வருகிறார்கள். என் பாட்டனாருக்கு அப்பன் மட்டும் வர மாட்டேன் என்கிறார். திதி என்றால் என்ன என்று கேட்ட என் மகளை நினைத்துக்கொண்டேன். அவளாவது அவள் வாயால் கேட்டாள்.

"சொக்கலிங்கம்," என்றாள் அம்மா, அடுப்பிலிருந்தே.

"சொக்கலிங்கம்," என்று சொல்லித் தண்ணீர் விட்டேன். சங்கரலிங்கத்தின் லிங்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் விமான நிலையத்தில் கழற்றிப் போட்டிருந்தேன்.

7

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தேன். சனிக்கிழமை ராஜா பிறந்தார். கேக் உருகவில்லை. இல்லாத ஒருவரின் படத்துக்கு முன்னால் எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள், பாடினார்கள், சிலர் கண் கலங்கினார்கள்.

நடுவில் துரை வந்து விசாரித்தார். "ஊரில் எல்லாம் நல்லபடியாக நடந்ததா?"

"நடந்தது சார். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று பெரிய விழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ரொம்பப் புத்திசாலித்தனம்!" என்றார். "உன் தம்பியை எனக்குப் பிடித்திருக்கிறது." இருநூறு வருஷம் எங்களை ஆண்டும் இவர்களால் முடியாததைச் செல்வம் ஒரு பிளக்ஸில் முடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தல் பிரிக்கப் போனேன். இதற்கு மேனேஜர் தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, போனேன். முனியசாமியும் மற்றவர்களும் புல்வெளியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலுக்குள் தனியாக. குடும்ப குரூப்பின் வாயைத் திறந்துவிட்டிருந்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. படம் படமாக வந்தது. பிளக்ஸுக்கு முன்னால் சொந்தக்காரர்கள், ஐயர், இலை. ஓசூர்க்காரர் வந்திருந்தார். திருப்பூர் மச்சான் அதே நீலக்கோட்டுச் சட்டையில். அம்மா ஒரு ஓரத்தில் நின்றாள், தனக்கு வேலை புதன்கிழமையே முடிந்துவிட்டது என்பதுபோல. செல்வம் குனிந்து தண்ணீர் விடும் படம் வந்தது. கீழே எழுதியிருந்தான்: அண்ணே இந்த நேரம் நீங்களும் கும்பிட்டுக்கங்க.

எதைக் கும்பிடுவது? சுற்றிப் பார்த்தேன். அறையில் ஒரே ஒரு படம். அதில் சந்தனமாலை.

போகட்டும் என்று செருப்பைக் கழற்றினேன். படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்று பெயரையும் சொன்னேன். இந்த முறை மூன்றாவது தானாக வந்தது.

கண்ணைத் திறந்தால் வாசலில் துரை. முதல்நாள் விட்டுப்போன வைக்கோல் தொப்பியைத் தேடி வந்திருக்கிறார். தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் நிற்கிறார். கண்ணில் ஈரம்.

"ஷங்கர்," என்றார் மெல்லிய குரலில், "அவர் மேல் உனக்கு இவ்வளவு மரியாதை என்று எனக்குத் தெரியாது."

சொல்லியிருக்கலாம். ஈஸ்டர் இருந்தது, மூன்று பிறந்தநாள் இருந்தது, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"ரொம்ப மரியாதை சார்," என்றேன். "ஆயுசுக்கும் ஒரு தேதிகூட அவர் தப்ப விட்டதில்லை."

துரை படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ இடித்திருக்க வேண்டும். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

முனியசாமி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணே, மாலையக் கழட்டிறவா?"

"இருடா," என்றேன். "இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கட்டும்."